சொல்வது வேறு, சொல்லிக்காட்டுவது வேறு

"பயப்படாதீங்க" என்ற வார்த்தையை லிஃப்ட் அக்கா யாரிடமும் சொல்லமாட்டாள். அவள் வேலையோ நாள் முழுக்கப் பயந்தவர்களோடு பேசுவது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி அது. அங்கே டெலிபோன் அறை என்று ஒன்று உண்டு. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் படம் போட்ட பட்டனை அழுத்துவார். அது நேராக இந்த அறைக்கு வந்து ஒலிக்கும். எடுத்துப் பேசுவது, மெக்கானிக்கை அனுப்புவது, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருப்பது, இவ்வளவுதான் வேலை. சொல்வதற்குச் சுலபம்.

"பயப்படாதீங்கன்னு சொன்னா, ஓகோ, பயப்பட ஏதோ இருக்கு போலன்னு ஆளு அப்பதான் நிஜமா பயப்படுவான்" என்பது அவள் கட்சி. அவள் கேள்விதான் கேட்பாள். "கதவுக்கு மேல நம்பர் ஏதாவது எரியுதா, பாத்துச் சொல்லுங்க." "கையில பை இருக்கா? கீழ வைங்க. வச்சிட்டீங்களா?" "உள்ள கண்ணாடி மாட்டியிருக்காங்களா, இல்ல வெறும் தகடா?" கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டிக்கொண்டிருந்தவர்கூட, பதில் சொல்லப்போய் நிதானத்துக்கு வந்துவிடுவார். ஒரு தடவை ஒரு வக்கீல், கதவு திறந்த பிறகும் வெளியே வராமல் தன் மருமகனைப் பற்றி இவளிடம் குறை சொல்லிக்கொண்டே நின்றார். மெக்கானிக் அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வர வேண்டியதாயிற்று.

வேலையில் இத்தனை கெட்டிக்காரி, அந்த வேலையைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் படு மோசம். வாரத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். அதில் ஒவ்வொருவரும் தங்கள் ஷிஃப்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டெலிபோன் அறையில் இவளுக்குப் பிறகு சேர்ந்த ஒருவன் இருந்தான். அவனுக்கு வேலை பழக்கியதும் இவள்தான். எல்லோரும் அவனை மைக் என்று கூப்பிடுவார்கள். தொண்டை அப்படி. "நான் எடுத்தேன், நான் பேசினேன், நான் அனுப்பினேன், நான் மட்டும் இல்லேன்னா அன்னைக்கு அந்தாளு கதி என்ன ஆயிருக்கும் சொல்லுங்க" என்று அவன் முடிக்கும்போது கேட்பவர்களுக்கே மூச்சு வாங்கும். கெட்டவன் இல்லை. அவன் கேட்ட தாலாட்டே அப்படி இருந்திருக்கும்.

அடுத்து லிஃப்ட் அக்கா எழுந்திருப்பாள். "ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுடுச்சு சார். உள்ள ஒரு அம்மா இருந்தாங்க. அழுதுட்டு இருந்தாங்க, அப்புறம் அமைதியாயிட்டாங்க. மெக்கானிக் வந்தாச்சு. வெளிய வந்துட்டாங்க. முடிஞ்சிருச்சு சார்." உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு கூட்டத்தில் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஷிஃப்ட்ல மட்டும் எல்லாம் தானாவே நடந்துடுதுங்க. அப்புறம் எதுக்கு உங்களை நாங்க வச்சிருக்கோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள் மாதிரி மாட்டிக்கொண்டு வீடு வரை கூடவே வந்தது. காரணம் இருந்தது. டெலிபோன் அறைக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு அறையில் இருப்பவர்களிலேயே ஒருவரை எடுப்பது என்று முடிவாகியிருந்தது. டைரக்டர்கள் நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்களாம். மைக்குக்குத்தான் கிடைக்கும் என்று டீ கொண்டுவருபவர் வரை எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

லிஃப்ட் அக்காவுக்கு அந்த இடம் வேண்டும். அவ்வளவு ஆசையாக வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் கையில் கம்பெனி ஓர் அட்டையைக் கொடுக்கும், மாட்டிக்கொண்டவரிடம் இதைப் படியுங்கள் என்று. அதில் முதல் வரியே "தயவுசெய்து பயப்பட வேண்டாம்" என்பதுதான். பொறுப்பு கைக்கு வந்தால் முதல் வேலையாக அந்த அட்டையைக் கடாச வேண்டும், புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசப் பழக்க வேண்டும். இதெல்லாம் அவள் மனசுக்குள் ஓடிய கணக்கு. வெளியே ஒரு வார்த்தை வரவில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி, அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள் என்று நினைத்த சிலருக்கு ஒரு கோச்சை ஏற்பாடு செய்தது. வாரம் ஒருமுறை தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும்.

"கோச்சிங்கா? இந்த வயசுல என்ன பரீட்சை எழுதப்போற?" என்றார் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்து இருந்து, அவர் பேச்சிலும் பாதிக்கு மேல் குறும்புதான்.

"அப்பா, அது டியூஷன் இல்லப்பா" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"அப்ப விளையாட்டு கோச்சா? உங்கம்மாவை ஓடச் சொல்வாங்களா? நான் லீவு போட்டுட்டு வந்து பாக்குறேன்."

"சும்மா இருங்களேன். எனக்கே என்னன்னு தெரியல" என்றாள் அவள். அது உண்மை.

கோச் என்று வந்தது ஒரு பெண். இவளைவிட நன்றாகவே இளையவள். எப்போதும் ஜலதோஷம், கையில் ஒரு கைக்குட்டை. உதிரிபாகங்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை ஒழித்துக்கொடுத்திருந்தார்கள். கிரீஸ் வாசனை அங்கேயும் வரும். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. இவள் அவளை மேடம் என்றாள், அவள் இவளை மேடம் என்றாள். முதல் நாள் இரண்டு மேடம்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

"சொல்லுங்க மேடம், நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் லிஃப்ட் அக்கா.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட எதுக்கு மேடம் வர்றேன்?"

கோச் சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், இன்னொரு கேள்வி கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, "கேள்வி கேக்குறதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டிருக்காங்க. ஒரு பதில் கிடையாது" என்று கணவரிடம் புலம்பித் தீர்த்தாள். நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பிழைக்கிற ஒருத்தி இப்படிப் புலம்புவதில் இருந்த வேடிக்கை அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த முறை கோச், "வேலையில நடந்ததுல எதையாவது சொல்லுங்களேன்" என்றாள். இவள் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதையைச் சொன்னாள். அழுதாங்க, அமைதியாயிட்டாங்க, வெளிய வந்துட்டாங்க, முடிஞ்சிருச்சு.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. காலைல வீட்டுல ஃபிளாஸ்க்கை உடைச்சிட்டேன். அது வேற ஒரு தண்டச் செலவு. நல்ல ஃபிளாஸ்க்கு."

"எப்படி உடைஞ்சுது?"

"பொண்ணு பை எடுக்கும்போது இடிச்சா. நான்தான் மேசை ஓரமா வச்சிருந்தேன். நான் தள்ளி வச்சிருக்கணும். என் தப்புதான்."

கோச் கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், ஒண்ணு கவனிச்சேன். சொல்லலாமா? அந்த அம்மா தானா அமைதியானாங்க, வேலை தானா முடிஞ்சுது. ஆனா ஃபிளாஸ்க்கை மட்டும் நீங்க உடைச்சிருக்கீங்க. அதை இடிச்சது உங்க பொண்ணு. கெட்டது எல்லாத்துலயும் முதல் ஆளா வந்து நிக்கிறீங்க. நல்லது நடக்குற இடத்துல தேடிப் பாத்தாலும் நீங்க இல்லையே?"

லிஃப்ட் அக்கா திருதிருவென்று விழித்தாள். தமிழில் இதற்கு வசதி அதிகம், பாருங்கள். முடிந்தது என்பதற்கும் முடித்தேன் என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் ஒன்றும் இல்லை. லேசாக நாக்கை மாற்றிப் போட்டால் ஆள் உள்ளே வந்துவிடுவார், மாற்றாமல் விட்டால் ஆளே இல்லாமல் காரியம் நடந்துவிடும். இத்தனை வருஷமாக அவள் தன்னைத் தானே வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருந்தாள். அதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

"அடுத்த வாரம் வரைக்கும் நீங்க செஞ்சதை நீங்க செஞ்சதாவே சொல்லிப் பாருங்க. வீட்டுலயும்தான்" என்று சொல்லி அனுப்பினாள் கோச்.

வீட்டில் வினை அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, சொல்லிக்கொடுத்த பிள்ளை ஒப்பிப்பது போல அவள் சொன்னாள்: "நான் சமைச்சேன். உங்க சட்டையை நான்தான் தேய்ச்சு வச்சேன். கரண்டு பில் நான் போய்க் கட்டினேன்."

கணவர் கை தட்டிலேயே நின்றது. முகம் சுண்டிப்போயிற்று. "என்னம்மா இது? சொல்லிக் காட்டுறியா?"

யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது அவளுக்கு. இந்த ஒரு வார்த்தையை யாரும் தன்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவள் வாழ்நாளெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் கோச்சிடம் போகவில்லை. ஷிஃப்ட் இருக்கிறது என்று பொய் சொன்னாள். அதற்கடுத்த வாரம், ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனாள்.

"எனக்கு இது ஒத்துவராது மேடம். நான் செஞ்சேன் நான் செஞ்சேன்னு சொல்றது அசிங்கமா இருக்கு. சொல்லிக் காட்டுற மாதிரி இருக்கு."

"சரி" என்றாள் கோச். பூசி மெழுகவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். சொல்லிக் காட்டுறதுன்னு சொன்னா உங்களுக்கு யாரு ஞாபகத்துக்கு வர்றாங்க?"

லிஃப்ட் அக்கா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள். அப்படியே திரும்ப உட்கார்ந்தாள்.

"எங்க அத்தை" என்றாள்.

அம்மா போனபோது அவளுக்கு நினைவு தெரியாத வயது. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வந்தால் வருவார், போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அவருடைய அக்கா வீட்டில் இவளைக் கொண்டுவந்து விட்டார். அத்தைக்குச் சொந்தமாகவே மூன்று பிள்ளைகள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுப்பாள். பசி என்று இவள் ஒருநாளும் இருந்ததில்லை, கிழிசல் போட்டதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை ஆரம்பித்துவிடுவாள். "இவளுக்குப் பாலை ஊத்திட்டு என் புள்ளைங்களுக்குத் தண்ணி கலந்து ஊத்தினேன். இவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப நான் கண்ணு மூடல. நான் இல்லேன்னா இவ எங்க இருப்பா?" அடுத்த வீட்டுக்காரி முன்னால், பால்காரர் முன்னால், இவள் கூடப் படிக்கும் பெண்கள் முன்னால். இவள் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டுத் தரையில் எந்த மூலையில் எந்த விரிசல் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள்.

"அப்பவே முடிவு பண்ணேன் மேடம். நான் யாருக்கு என்ன செஞ்சாலும், செஞ்சேன்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னு." குரல் உடைந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அத்தையோடு பெரிய போக்குவரத்து இல்லை. சண்டையும் இல்லை. விசேஷங்களில் பார்த்தால் இவள் சிரிப்பாள், அவ்வளவுதான். எங்கே வளர்ந்தாய் என்று யாராவது கேட்டால், அத்தை வீட்டில் வளர்ந்தேன் என்பாள்.

கோச் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். இவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். "சொல்லிக் காட்டுறது வலிக்கும்னு புரியுதுக்கா" என்றாள். மேடம் என்பது அக்காவாகிவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "அப்ப சொல்றது? சொல்றதும் சொல்லிக் காட்டுறதும் ஒண்ணுதானா?"

"தெரியலையேம்மா."

"நானும் யோசிக்கிறேன். நீங்களும் யோசிங்க."

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் சிரித்ததை, அந்த இடம் தனக்கு வேண்டும் என்பதை, கோச் கொடுத்த வேலையை. "உங்களைக் குத்திக் காட்டணும்னு சொல்லலைங்க. பழகிப் பாத்தேன், அவ்வளவுதான்."

மனுஷர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு ரெண்டு வாரமா, என்ன தப்பு பண்ணோம், எதுக்கு இவ கணக்குக் கேக்குறான்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன்." பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தார்: "இன்னைக்கு நான் வேன் ஓட்டினேன். நான் ஒரு பொடியன் மூக்கைச் சிந்திவிட்டேன். டிபன் டப்பாவைத் தொலைச்சிட்டு அழுத பொண்ணுக்கு சீட்டுக்கு அடியில இருந்து நான் எடுத்துக் குடுத்தேன். வழியில ஒருத்தன் வந்து இடிக்கப் பாத்தான், அவனை நான் திட்டவே இல்ல."

"அதை நம்ப முடியலையே" என்றாள் மகள். ஆனாலும் அவளும் சேர்ந்துகொண்டாள். "நான் இன்னைக்கு கிளாஸ்ல கையைத் தூக்கி சந்தேகம் கேட்டேன். ஃபர்ஸ்ட் டைம்."

அது அந்த வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சாப்பிடும்போது ஆளுக்கு ஆள் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். மூக்கு சிந்திவிட்ட கதையைக் கேட்டபோது, தன் புருஷன் வேனில் என்னவெல்லாம் செய்கிறார் என்பதே தனக்கு இதுவரை தெரியாது என்று அவளுக்கு உறைத்தது. அவர் சொன்னதால் இவள் தலை குனியவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடத்தான் தோன்றியது.

அடுத்த முறை கோச்சின் அறைக்குள் நுழையும்போதே சொன்னாள்: "கண்டுபிடிச்சிட்டேன்மா. சொல்லிக் காட்டினா கேக்குறவங்க குனியணும். அதுக்காகத்தான் சொல்றதே. சும்மா சொன்னா யாரும் குனிய வேண்டாம். தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

கோச்சுக்குச் சந்தோஷத்தில் தும்மலே வந்துவிட்டது. மூன்று தும்மலுக்குப் பிறகு, "இதை நான் எடுத்துக்கலாமா அக்கா? வேற எடத்துலயும் சொல்வேன்" என்று கேட்டாள்.

"தாராளமா. ஆனா நான்தான் சொன்னேன்னு சொல்லணும்" என்றாள் லிஃப்ட் அக்கா. சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ஏம்மா, நீ என்ன, நான் லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட பேசற மாதிரியே என்கிட்ட பேசற? கேள்வியாக் கேட்டே ஆளை வெளிய கொண்டாந்துடற?"

"அப்படியா? நான் இதுக்குன்னு படிச்சேன். உங்களுக்கு அதை யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்ல. தானா வந்துச்சு."

"தானாவா?" என்றாள் கோச், ஒரு புருவத்தை மட்டும் தூக்கி. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

டைரக்டர்கள் கூப்பிட்ட நாள் வந்தது. மைக் முதலில் போய்விட்டு வந்தான். கதவு சாத்தியிருந்தும் அவன் பேசியது வராந்தா முழுக்கக் கேட்டது. அடுத்து இவள். நீளமான மேசை, எதிரே மூன்று பேர், ஓரத்தில் மேனேஜர். கால் பெருவிரலைச் செருப்புக்குள் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

சமீபத்தில் வந்த ஓர் அழைப்பைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். "ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுடுச்சு" என்று ஆரம்பித்தாள். "உள்ள இருந்த அம்மா அழுதாங்க. அவங்க புருஷன் மேல் மாடியில ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தாரு. நான் கண்ணாடி இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க. அதுல பாத்துத் தலையைச் சரி பண்ணிக்கச் சொன்னேன். அவரு கண்ணு முழிச்சா உங்க முகத்தைத்தான் முதல்ல பாப்பாருன்னு சொன்னேன். அவங்க அழுகையை நிறுத்திட்டு சீப்பை எடுத்தாங்க. மெக்கானிக் வர்ற வரைக்கும் நான் அவங்களைப் பேச வச்சேன்." அந்தக் கதையில் இவ்வளவு இருந்தது மேனேஜருக்கே அன்றுதான் தெரியும். அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"இந்தப் பொறுப்பை நாங்க உங்களுக்கு ஏன் தரணும்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

பழைய ஆளாக இருந்தால், நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி சார் என்று மென்று விழுங்கியிருப்பாள். "எனக்கு அது வேணும் சார்" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "புதுசா வர்றவங்களுக்கு எப்படிப் பேசறதுன்னு என்னால பழக்க முடியும். நான் ஏற்கனவே ஒருத்தரைப் பழக்கியிருக்கேன். இப்பதான் உங்ககிட்ட பேசிட்டுப் போனாரு. அப்புறம் அந்த அட்டையை எடுத்துடணும். அது ஆளைப் பயமுறுத்துது."

கண்ணாடி போட்ட பெண் டைரக்டர் முன்னால் சாய்ந்தார். "பயந்து போனவங்ககிட்ட இப்படிப் பேசணும்னு நீங்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

தானா வந்துச்சு மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான், எங்கிருந்தோ, ஒரு சோப்பு வாசனை வந்தது.

அத்தை வீட்டுக் குளியலறை. அப்பா கப்பலுக்குத் திரும்பிய நாள். யாரும் பார்க்காமல் அழுவதற்காக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவளுக்கு, அதைத் திரும்பத் திறக்க வரவில்லை. இறுகிவிட்டது. கத்தினாள், கதவை அடித்தாள். வெளியே அத்தையின் குரல். "ஏண்டி, பக்கெட்டுல எவ்வளவு தண்ணி இருக்கு? பாத்துச் சொல்லு. பாதியா? சரி. சோப்பு என்ன கலரு? பச்சையா? அதை மோந்து பாரு, எப்படி இருக்கு?" தச்சர் வந்து கதவைக் கழற்றும்வரை அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். தையலை அப்படியே போட்டுவிட்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து, கதவில் வாயை வைத்து. இதை மட்டும் அத்தை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. இதையெல்லாம் தான் செய்த உதவி என்றே அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"எங்க அத்தை கத்துக்கொடுத்தாங்க மேடம்" என்றாள் லிஃப்ட் அக்கா. "அவங்கதான் என்னை வளர்த்தாங்க." சொன்ன பிறகுதான், இந்த வார்த்தையை இன்றுவரை தான் சொன்னதே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. டைரக்டர்கள் முன்னால் அழுவதா என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொள்ளவில்லை.

பொறுப்பு அவளுக்கே கிடைத்தது. மேனேஜர் டெலிபோன் அறைக்கே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல அக்கா, உங்களுக்குத்தான்னு!" என்று மைக் கட்டடமே அதிரக் கத்தினான். அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் முதலில் கை கொடுத்தவனும் அவன்தான்.

கடைசிச் சந்திப்பில் கோச் வழக்கம்போலக் கழன்றுகொள்ளப் பார்த்தாள். "நான் என்னக்கா பண்ணேன், எல்லாம் நீங்களே செஞ்சது."

"நான் செஞ்சேன், சரி. ஆனா கேட்டது நீ. இத்தனை வருஷத்துல வேற யாரும் என்னைக் கேக்கலம்மா. அதை நான் சொல்லாம விடலாமா?" என்றாள் லிஃப்ட் அக்கா. அந்தப் பெண் கைக்குட்டையை எடுத்தாள். அன்றைக்கு அது ஜலதோஷத்துக்காக இல்லை.

வீட்டுக்கு வந்து, உடைகூட மாற்றாமல், அத்தைக்குப் போன் போட்டாள். அத்தை இப்போது மூத்த மகன் வீட்டில் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் அப்படியே.

"என்னடி அதிசயமா இருக்கு? யாருக்காவது கல்யாணமா?"

"இல்ல அத்தை. எனக்கு வேலையில பெரிய பொறுப்பு குடுத்திருக்காங்க. அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான்."

"நல்லா இரு. நான் அன்னைக்கு உன்னைப் படிக்க அனுப்பினதுதான் இன்னைக்கு..." என்று அத்தை ஆரம்பித்தாள். பழைய பாட்டு. முன்பெல்லாம் இந்த இடத்தில் இவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். இன்றைக்கு ஏனோ வேறொன்று தெரிந்தது. அந்த மூன்று பிள்ளைகளோடு நாலாவதாக வந்த ஒன்றை ஆளாக்கினாளே, அதை அத்தைக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? அப்பா சொன்னதில்லை. மாமா சொன்னதில்லை. அத்தை வீட்டில் வளர்ந்தேன், வளர்ந்தேன் என்று சொல்லிச் சொல்லி, இவளும் அத்தையை அந்தப் பேச்சுக்குள் விட்டதே இல்லை. வேறு யாரும் சொல்லாதபோது அவள்தானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்?

"ஆமா அத்தை" என்றாள். மந்தக் காதுக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நீங்கதான் என்னை வளர்த்தீங்க. பாலு குடுத்தீங்க. காய்ச்சல்ல கண்ணு முழிச்சீங்க. நீங்க இல்லேன்னா நான் இல்ல அத்தை."

அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. அப்படி ஒரு சின்னக் குரல் அத்தையிடம் இருக்கிறது என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

"நான் என்னடி பண்ணேன்?" என்றாள் அத்தை. "நீயா வளர்ந்த புள்ள நீ."